‘அன்ப்ரோக்கன்’ படம் நாயகன் விடுதலையானதோடு முடிந்தது சரியா?

(இணைய உரையாடல் இழை. ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

நெடுந்தூரம்

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாலை என்னிடம் ஓட்டம் பழகும் மாணவர்கள் ஆறு பேரை வீட்டுக்கு வரச் சொல்லி, ஏஞ்சலினா ஜோலி 2014-இல் இயக்கிய ‘அன்ப்ரோக்கன்’ படத்தைப் போட்டுக் காட்டினேன். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லூயிஸ் சாம்பெரினி என்பவர் கலிஃபோர்னியாவின் டாரன்ஸ் ஊரில் வளர்ந்த இத்தாலியக் குடும்பத்துப் பையன். திருட்டு, அடிதடி என்று திரிந்தவனை அண்ணன் பீட் பிடித்து ஓட வைக்கிறார். 19 வயதில் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓடி எட்டாவதாக வருகிறான். பிறகு போர். குண்டுவீச்சு விமானத்தில் பணி. 1943 மே 27-ஆம் தேதி விமானம் பசிபிக் கடலில் விழுகிறது. 47 நாட்கள் ரப்பர் மிதவையில் கிடந்த பிறகு ஜப்பானியரிடம் சிக்குகிறார். அதன்பின் இரண்டு ஆண்டுக்கும் மேலாகச் சிறை முகாம்கள்.

படம் முடிந்ததும் ஒரு மாணவன் கேட்டான்: “சார், அதற்குப் பிறகு அவர் மறுபடியும் ஓடினாரா?”

பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்குக்காக அவர் பயிற்சியைத் தொடங்கினார். முகாமில் அடிபட்ட கால் தாங்கவில்லை. ஓட்டப் பந்தயம் அத்தோடு முடிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் குடிக்கு அடிமையானார். இரவில் தூங்கினால் முகாம் காவலர் வடானபே கனவில் வந்து பெல்ட்டால் அடிப்பார். ஒரு நாள் கனவில் அவர் வடானபேயின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார். விழித்துப் பார்த்தால் தன் கைகளுக்குள் இருந்தது கர்ப்பிணி மனைவியின் கழுத்து.

இதில் எதுவும் படத்தின் காட்சிகளில் இல்லை. வீடு திரும்பி அம்மாவைக் கட்டிக்கொள்கிறார், படம் முடிகிறது. பிறகு நடந்ததைத் திரையில் சில வரிகளாக எழுதிக் காட்டிவிட்டு, 1998-இல் முதியவராக அவர் ஜப்பானில் ஒலிம்பிக் சுடரோடு ஓடும் உண்மையான காட்சியைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சில வரிகளுக்குள்தான் என் மாணவனின் கேள்விக்கான பதில் இருக்கிறது.

ஓட்டத்தில் பழகியவனாக ஒன்று சொல்கிறேன். 5,000 மீட்டரில் எல்லைக்கோட்டைத் தாண்டியவுடன் ஓடியவன் ஓய்ந்துவிடுவதில்லை. கால் தானாக இன்னும் கொஞ்சம் ஓடும். நின்ற பிறகுதான் குமட்டும், கண் இருட்டும். பயிற்சியாளருக்கு மெய்யான வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தாக்குப்பிடிப்பது பற்றிப் படம் எடுக்க வந்தவர்கள் கோட்டிலேயே கேமராவை நிறுத்திவிட்டார்கள் என்பது என் வருத்தம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மறுபார்வை

மாறுபடுகிறேன். ஒரு வாழ்க்கை முழுவதையும் ஒரே படம் சுமக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூலமான வாழ்க்கை வரலாறு 2010-இல் வந்தது, 400 பக்கத்துக்கு மேல் போகும் பெரிய நூல். படமோ 137 நிமிடம். எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். போருக்குப் பிந்தைய பகுதியை மட்டும் எடுத்து 2018-இல் வேறு இயக்குநர், வேறு நடிகரோடு ஒரு தொடர்ச்சிப் படம் வந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள்? அதில் ஒரு மனிதன் குடிக்கிறான், மனைவியோடு சண்டை போடுகிறான், 1949-இல் லாஸ் ஏஞ்சலீஸில் கிறிஸ்தவப் போதகர் பில்லி கிரஹாமின் கூட்டத்துக்குப் போய் மனம் மாறுகிறான். வாழ்க்கையில் அது பெரிய திருப்பம்தான். திரையில் அதைப் பார்ப்பவன் நெஞ்சுக்குள் இறக்குவது மிகக் கடினம். உள்ளே நடப்பதைக் கேமராவால் எட்ட முடியாது.

முடிவைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. நடுப்பகுதிதான் குறை. முகாமுக்குள் நுழைந்த பிறகு படம் ஒரே தாளத்தில் போகிறது. அடி, விழுதல், எழுதல். மறுபடி அடி. மூன்றாவது முறைக்குப் பிறகு அடியின் கனம் குறைந்துவிடுகிறது. சாம்பெரினி கனத்த மர விட்டத்தைத் தலைக்கு மேலே தூக்கி நிற்கும் காட்சி வரும்போது, இதற்காகத்தான் இத்தனை நேரம் காத்திருக்க வைத்தார்கள் என்று தெரிந்துவிடுகிறது. சுவரொட்டியில் போடுவதற்கென்றே எடுத்த காட்சி போலத் தோன்றியது எனக்கு.

நெடுந்தூரம்

விட்டம் தூக்கிய காட்சி கற்பனை இல்லை நண்பரே. ஜப்பானில் நவோட்சு முகாமில் நடந்தது அது. பக்கத்தில் நின்ற சக கைதி ஒருவர் நேரத்தைக் கவனித்திருக்கிறார்: 37 நிமிடம். வயிற்றில் குத்துவிழுந்த பிறகுதான் விட்டம் சரிந்தது. ஆனால் உங்கள் குறையின் உட்பொருளை ஏற்கிறேன். அந்தக் காட்சியைச் சிலுவை சுமப்பதுபோல் எடுத்துவிட்டார்கள். கீழே இருந்து பார்க்கிறது கேமரா, பின்னால் வெளிச்சம், மற்ற கைதிகள் வாயடைத்து நிற்கிறார்கள்.

எனக்கு அவருடைய தாக்குப்பிடிப்பு தெரிந்த இடம் அதைவிடச் சின்னது. மிதவைக்கு வருவோம்.

கடலூர் கரை

மிதவை என்றதும் எழுத வந்தேன். நான் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். என் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் ஒரு முறை பைபர் படகில் இஞ்சின் பழுதாகி பதினோரு நாள் கடலில் கிடந்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அதனால் அந்தப் பகுதியை வேறு கண்ணோடு பார்த்தேன்.

படத்தில் சுறாவும் வருகிறது, தாழப் பறந்து சுடும் ஜப்பானிய விமானமும் வருகிறது. இரண்டும் உண்மையில் நடந்தவை. 27-ஆம் நாள் விமானம் சுட்டதில் ஒரு மிதவை கிழிந்து பயனற்றுப் போனது, இன்னொன்றை ஓட்டை ஓட்டையாகத் தேடி ஒட்டினார்கள். ஒட்டும்போது ஒருவர் காற்றடிக்க வேண்டும், ஒருவர் ஒட்ட வேண்டும், ஒருவர் துடுப்பால் சுறாவை விரட்ட வேண்டும். பார்க்கிறவர்கள் இதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் கடலில் கிடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சுறாவைப் பற்றிப் பேச மாட்டார்கள். தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அப்பா சொன்னது இது. ஆறாம் நாள் மழை வந்தது. தார்ப்பாயை விரித்துப் பிடித்தார்கள். முதலில் சேர்ந்த தண்ணீரை ஒருவர் அள்ளிக் குடித்துவிட்டு வாந்தி எடுத்தார். ஆறு நாள் தெறித்த உப்பு முழுவதும் தார்ப்பாயில் படிந்திருக்கிறது. முதலில் சேரும் தண்ணீரால் தார்ப்பாயைக் கழுவிக் கொட்டிவிட வேண்டும். நாக்கு தடித்து வாய்க்குள் அடங்காமல் கிடக்கும்போது, கண்ணெதிரே கையில் இருக்கும் நல்ல தண்ணீரைக் கடலில் கொட்டுவதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாதான் கொட்டினார். மற்றவர்கள் அவரை அடிக்கப் போனார்களாம்.

சாம்பெரினியும் அவருடைய நண்பர்களும் காற்றடிக்கும் பம்பின் கித்தான் உறையைப் பிரித்து மழை பிடித்திருக்கிறார்கள். அலை தெறித்து உப்பு கலந்துவிடும் என்பதால், விழுந்த தண்ணீரை உடனே வாயால் உறிஞ்சித் தகர டப்பாவில் துப்பிச் சேர்த்திருக்கிறார்கள். உறிஞ்சிய தண்ணீரை விழுங்காமல் துப்ப வேண்டும். விட்டத்தை விட இது கனமானது.

வெண்திரை

கடற்பகுதியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. ஒளிப்பதிவு ரோஜர் டீக்கின்ஸ். ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. கடல், முகாம் எல்லாவற்றையும் ஆஸ்திரேலியாவில் எடுத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் வரும் குண்டுவீச்சு விமானக் காட்சியைப் பெரிய திரையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், போர்ப் படங்களில் அதற்கு நிகராகச் சொல்ல எனக்குச் சிலதான் இருக்கின்றன. இறுக்கமான அந்தத் தகரக்கூட்டுக்குள் ஆட்கள் குனிந்து நகர்கிறார்கள், வெளியே மேகம் அமைதியாக மிதக்கிறது.

ஆனால் மிதவையில் எனக்கு ஒரு குறை. உதடு வெடிக்கிறது, தாடி வளர்கிறது, தோல் கருகுகிறது. எல்லாம் சரி. படமெடுத்த அழகில் கடல் மட்டும் அழகாகவே இருந்துவிட்டது. பசிக்கும் ஒருவனின் கண்ணுக்குக் கடல் இப்படித் தெரியுமா?

கடலூர் கரை

தெரியாது ஐயா. அப்பா கண்ணை மூடிக்கொண்டே கிடந்ததாகத்தான் சொல்வார். பகலில் பளபளப்பு கண்ணைக் குத்தும்.

நெடுந்தூரம்

கடலூர் கரை எழுதியதை நான்கு முறை வாசித்தேன். நான் சொல்ல நினைத்த இடமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அந்த மிதவையில் மூன்று பேர். சாம்பெரினி, விமானி ரஸ்ஸல் ஃபிலிப்ஸ், பின்புறத் துப்பாக்கிக்காரர் ஃபிரான்சிஸ் மக்நமாரா. விமானத்தில் இருந்த 11 பேரில் மிஞ்சியவர்கள். கையிருப்பு: சில சாக்லேட் கட்டிகள், சில டப்பா தண்ணீர், தூண்டில் முள், நூல், ஒரு கண்ணாடி, சமிக்ஞைத் துப்பாக்கி. கத்திகூட இல்லை. முதல் இரவே மற்ற இருவரும் தூங்கும்போது மக்நமாரா சாக்லேட் முழுவதையும் தின்றுவிடுகிறார். படத்திலும் இது இருக்கிறது. காலையில் தெரிந்ததும் சாம்பெரினி அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. ஏமாற்றமாக இருக்கிறது என்ற அளவோடு விட்டுவிட்டார். பிறகு சுறா மிதவைக்குள் பாய்ந்தபோது துடுப்பை எடுத்து அடித்து விரட்டியதும் அதே மக்நமாராதான். முதல் நாளே அவரை ஒதுக்கித் தள்ளியிருந்தால் அந்தத் துடுப்பு எழுந்திருக்குமா?

இன்னொன்று, சமையல். நாளுக்கு மூன்று வேளை, நேரம் தவறாமல், சாம்பெரினி தன் அம்மாவின் சமையலைச் சொல்லிக் காட்டுவார். மாவு எவ்வளவு, வெண்ணெய் எவ்வளவு, எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று படிப்படியாக. ஏதாவது ஒரு படியை விட்டுவிட்டால் மற்ற இருவரும் மடக்கிப் பிடிப்பார்கள்: வெண்ணெய் போட்டாயா என்று. கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் விளையாட்டும் நடக்கும். ஃபிலிப்ஸ் தேவாலயப் பாடல்கள் பாடுவார். மூளை மழுங்காமல் இருக்க வேண்டும் என்று அவர்கள் தெரிந்தே செய்த வேலை இது.

நெடுந்தூர ஓட்டம் கற்றுக்கொடுப்பதும் இதைத்தான். பன்னிரண்டரைச் சுற்றை மொத்தமாக நினைப்பவன் ஆறாம் சுற்றில் உடைந்துவிடுவான். இந்தச் சுற்று, இந்த வளைவு, முன்னால் ஓடுபவனின் முதுகு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். 47 நாட்களை அவர் வேளை வேளையாகப் பிரித்து ஓடியிருக்கிறார். 33-ஆம் நாள் மக்நமாரா இறந்தார். தான் சாகப்போகிறேனா என்று அவர் கேட்டபோது, சாம்பெரினி மழுப்பாமல் ஆம் என்று உள்ளதைச் சொன்னார். உடலைக் கடலில் இறக்கிய பிறகும் இரண்டு பேரும் பதினான்கு நாள் மிதந்தார்கள்.

ஒசாகா பிரியன்

வணக்கம். ஜப்பானில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இந்தப் படம் இங்கே வெளிவந்த கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2014 டிசம்பரில் வெளியான படம், இங்கே 2016 பிப்ரவரியில்தான் திரைக்கு வந்தது. அதுவும் சிறிய அளவில். தேசியவாதக் குழுக்கள் இணையத்தில் கையெழுத்து வாங்கி எதிர்த்தன. அவர்கள் அதிகம் கோபப்பட்டது நூலில் உள்ள சில வரிகளுக்காக. கைதிகளை உண்டதாக வரும் குறிப்பு அது. படத்தில் அது இல்லவே இல்லை! பார்க்காமலேயே எதிர்த்தார்கள்.

நான் குறிப்பாகச் சொல்ல வந்தது நவோட்சுவைப் பற்றி. இப்போது அது ஜோயெட்சு என்ற நகரத்தின் ஒரு பகுதி, நீகாட்டா மாகாணத்தில் ஜப்பான் கடலோரம். கடும் பனி பொழியும் பகுதி. முகாம் இருந்த இடத்தில் 1995-இல் அமைதிப் பூங்கா அமைத்தார்கள். நான் ஒரு பிப்ரவரியில் போனேன். முழங்கால் வரை பனி. வழி தெரியாமல் நின்றபோது பனி அள்ளிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு என்னைக் கூட்டிப் போனார்.

அந்த முகாமில் 60 ஆஸ்திரேலியக் கைதிகள் இறந்தார்கள். போருக்குப் பிறகு நடந்த விசாரணையில் அங்கே காவலில் இருந்த எட்டு ஜப்பானியர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பூங்காவில் இரு தரப்புக்கும் நினைவுக்கல் இருக்கிறது. எட்டுப் பேருக்கும் கல் வைக்கலாமா என்பது ஊருக்குள் பெரிய வாதமாக இருந்திருக்கிறது. பாட்டி இரண்டு இடத்திலும் பனியைக் கையால் துடைத்துவிட்டுக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

வடானபேக்கு அங்கே கல் இல்லை. அவர் பிடிபடவே இல்லை. தேடப்பட்ட போர்க்குற்றவாளிகளின் முதல் நாற்பது பெயர்களில் அவர் பெயரும் இருந்தது. பல ஆண்டுகள் வேறு பெயரில் மலைப்பகுதியில் ஒளிந்திருந்து, 1952-இல் வழக்குகள் கைவிடப்பட்ட பிறகு வெளியே வந்து, காப்பீட்டுத் தொழிலில் நன்றாகச் சம்பாதித்து, 2003-இல் இறந்தார். 1998-இல் நாகானோ குளிர்கால ஒலிம்பிக்குக்காகச் சாம்பெரினி சுடரோடு ஓடியது இதே ஜோயெட்சுவில்தான். 81-ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தன. வடானபேக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி எடுத்து வந்திருந்தார். வடானபே சந்திக்க மறுத்துவிட்டார்.

மறுபார்வை

ஒசாகா பிரியன் சொன்னதைக் கேட்ட பிறகு, படத்தில் வடானபே பாத்திரம் இன்னும் ஏமாற்றமாகத் தெரிகிறது. இசைக்கலைஞர் மியாவி நடித்திருக்கிறார். முகத்தில் ஒரு நிதானம், அதன் கீழே எரிச்சல். நன்றாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் எழுத்தில் அந்த மனிதனுக்கு உள்ளே எதுவும் வைக்கவில்லை. சிறுவயதில் அப்பாவோடு நிற்கும் ஒரு புகைப்படத்தைக் கடைசியில் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். வசதியான வீட்டுப் பிள்ளை. அதிகாரி ஆக வேண்டும் என்று நினைத்து முடியாமல் கீழ்நிலையிலேயே தங்கியவர். முகாமில் கைதிகளாக வந்த அதிகாரிகளைத்தான் தேடித்தேடி அடித்திருக்கிறார். ஒலிம்பிக் வீரர் என்று தெரிந்ததும் சாம்பெரினி மீது தனியாகக் கண் விழுந்திருக்கிறது. இந்தப் பொறாமையை எழுதியிருந்தால் அடிக்கு அடி வேறு பொருள் வந்திருக்கும்.

நெடுந்தூரம்

இது முக்கியமான குறிப்பு. பெர்லின் பந்தயத்தைப் பற்றியும் ஒன்று சேர்க்கிறேன். என் மாணவர்களுக்கு வகுப்பில் சொன்னது.

அந்த 5,000 மீட்டரில் சாம்பெரினியின் நேரம் 14 நிமிடம் 46.8 விநாடி. கடைசிச் சுற்றை மட்டும் ஏறக்குறைய 56 விநாடியில் ஓடினார், கூட்டமே எழுந்தது. படத்தில் இது நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் யார்? ஃபின்லாந்தின் குன்னர் ஹோக்கர்ட். நான்காவதாக வந்தவர்? ஜப்பானின் கோஹெய் முராக்கோசோ. பத்தாயிரம் மீட்டரிலும் அவர் நான்காவது. குள்ளமான மனிதர், கையுறை அணிந்து ஃபின்லாந்துக்காரர்களோடு சரிக்குச் சரி ஓடினார். ஹோக்கர்ட் 1940 பிப்ரவரியில் சோவியத் படையோடு நடந்த போரில் கொல்லப்பட்டார். 30 வயது நிறைய ஒரு நாள்தான் இருந்தது. நான்கு ஆண்டுக்கு முன் ஒரே கோட்டில் நின்று துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருந்தவர்கள் இவர்கள்.

அடுத்த ஒலிம்பிக் 1940-இல் டோக்கியோவில் நடக்க வேண்டும் என்றிருந்தது. தன் உச்சம் டோக்கியோதான் என்று சாம்பெரினி கணக்குப் போட்டிருந்தார். 1938-இல் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் மற்றவர்கள் ஓட்டக் காலணியின் முள்ளால் (ஸ்பைக்ஸ்) முன்னங்காலைக் கிழித்தும் ஒரு மைலை 4 நிமிடம் 8.3 விநாடியில் ஓடி முடித்தவர். அந்தச் சாதனை 15 ஆண்டுகள் நின்றது. டோக்கியோவில் பதக்கம் கனவல்ல. போட்டி ரத்தானது. அவர் டோக்கியோவுக்கு வந்து சேர்ந்தது கைதியாக, டோக்கியோ விரிகுடாவில் செயற்கைத் தீவில் இருந்த ஓமோரி முகாமுக்கு. நகரம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்தது.

ஈப்போ பேத்தி

இந்த இழையை நேற்றிரவிலிருந்து வாசிக்கிறேன். எழுதலாமா என்று தயங்கினேன். எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

நான் மலேசியா, ஈப்போ. என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1943-இல் ஜப்பானியர்கள் தோட்டத்திலிருந்து அவரைச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோனார்கள். சயாம்–பர்மா ரயில்பாதை, 415 கிலோமீட்டர். அதில் 60,000-க்கும் அதிகமான நேச நாட்டுக் கைதிகள் வேலை செய்தார்கள், அவர்களில் சுமார் 12,000 பேர் இறந்தார்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். புல்லைக்கூட அளந்து வெட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரக் கைதிகளைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளிகள் அங்கே செத்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாத் தீவின் சாவகத்தார். எத்தனை பேர் என்று இன்றைக்கும் மதிப்பீடுதான் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் வெட்டிய கல் கிடையாது.

இந்தப் படத்தைக் குறை சொல்லவில்லை. சாம்பெரினிக்காக நானும் அழுதேன். ஆனால் ஒலிம்பிக் ஓடியவர் என்பதால் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. பெயர் இருந்ததால்தான் டோக்கியோ வானொலியில் பேச வைத்தார்கள். செத்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட மகன் உயிரோடு இருக்கிறான் என்பது வீட்டுக்கு அப்படித்தான் தெரிந்தது. என் பாட்டிக்கு எந்த வானொலியும் சொல்லவில்லை. தாத்தா போரெல்லாம் முடிந்து லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, நடந்து வந்து நின்றபோது, பாட்டிக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை.

தாத்தா சயாமைப் பற்றிப் பேச மாட்டார். ஒன்று மட்டும் செய்வார். ரயில் சத்தம் கேட்டால் சாப்பிடுவதை நிறுத்திவிடுவார். எங்கள் வீடு தண்டவாளத்துக்குப் பக்கம். ரயில் போய் முடியும் வரை கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். நாங்களும் பேச்சை நிறுத்திவிடுவோம். ஏன் என்று கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றாத அளவுக்கு அது எங்களுக்குப் பழகிவிட்டது.

நெடுந்தூரம் ஐயா முதலில் எழுதினாரே, படம் கோட்டிலேயே நின்றுவிட்டது என்று. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

நெடுந்தூரம்

சகோதரி, எழுதியதற்கு நன்றி. என் மாணவர்களிடம் நாளைக்கே சொல்வேன், உங்கள் தாத்தாவைப் பற்றி.

போருக்குப் பிறகு டோக்கியோ போர்க்குற்றத் தீர்ப்பாயத்தில் வைத்த கணக்கு ஒன்று உண்டு. ஜெர்மனியிடமும் இத்தாலியிடமும் சிக்கிய அமெரிக்க, பிரிட்டிஷ் கைதிகளில் இறந்தவர்கள் 4 விழுக்காடு. ஜப்பானியரிடம் சிக்கியவர்களில் 27 விழுக்காடு. உங்கள் தாத்தாவைப் போன்றவர்கள் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

வெண்திரை

ஈப்போ பேத்தி எழுதியதுபோல் ஒரு காட்சி, ரயில் கடக்கும்வரை தட்டில் கை அசையாமல் இருப்பது, அதைத்தான் இந்தப் படத்தின் கடைசிப் பகுதி தேடியிருக்க வேண்டும். உள்ளே நடப்பதைக் கேமராவால் எட்ட முடியாது என்று மறுபார்வை முதலில் எழுதினார். இதை எட்டலாம். ஒரு வசனம்கூட வேண்டாம்.

மறுபார்வை

ஒப்புக்கொள்கிறேன். என் வாதத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமெரிக்காவுக்குத் திரும்பிய சாம்பெரினியின் வீட்டில் இப்படி ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்து, பத்து நிமிடம் காட்டியிருந்தால் போதும். தொடர்ச்சிப் படம் தேவைப்பட்டிருக்காது.

விமானி ஃபிலிப்ஸையும் நினைத்துக்கொள்கிறேன். அதே 47 நாள், அதே பசி, தலையில் காயம் வேறு. அவர் ஊருக்குத் திரும்பி, இந்தியானாவில் பள்ளி ஆசிரியராக இருந்து, 1998-இல் இறந்தார். கூட இருந்தவர்களில் பலருக்கு அவர் கதை தெரியாது. படமும் அவரை முகாம் வாசலில் விட்டுவிட்டு வந்துவிடுகிறது.

நெடுந்தூரம்

ஆசிரியர் என்று தெரியும். 1998-இல் இறந்தார் என்பது புதிது. அதே ஆண்டு ஜனவரியில்தான் சாம்பெரினி சுடரோடு ஓடினார். அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வழியெல்லாம் ஜப்பானியக் குழந்தைகள் கொடி அசைக்கிறார்கள். முதுகு நிமிர்ந்திருக்கிறது, முழங்கால் நன்றாக எழுகிறது. எண்பது வயதிலும் கை இடுப்புக்குக் கீழே இறங்கவில்லை, பழைய பயிற்சி. என் மாணவனுக்கு அந்தக் காட்சியை மட்டும் திரும்பக் காட்டி, இதோ ஓடினார், ஆனால் இதற்கு 53 ஆண்டு ஆயிற்று என்று சொன்னேன். அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

கடலூர் கரை அண்ணே, அதே கேள்வியை உங்களிடம் கேட்கலாமா? அப்பா மறுபடியும் கடலுக்குப் போனாரா?

கடலூர் கரை

போனார். வந்து நாற்பது நாள் வீட்டில் இருந்தார். ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்து, குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்ப்பார். குடிக்க மாட்டார். தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, குடத்தைச் சமையலறையிலிருந்து எடுத்து அவர் தலைமாட்டில் வைத்துவிட்டார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் நிரப்பி வைப்பார்.

நாற்பத்தோராம் நாள் விடியற்காலை படகு இறக்கினார்கள். வழக்கமாக இருபது லிட்டர் கேன் ஒன்றுதான் ஏற்றுவார்கள். அப்பா ஒன்றை ஏற்றினார். அம்மா என்னை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் நிறைகேனைத் தூக்கிக்கொண்டு மணலில் வந்தார். அதையும் வாங்கி இஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டினார்.